கொன்ற ஜோடியின் மேல் கண்ணோட்டம்: ஐந்து படங்களில் எதைத் திரையிடுவது?

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு வீட்டு மாடியில் மாதம் ஒரு படம் பார்த்துப் பேசும் பழக்கம் எங்களுக்கு உண்டு. பதினைந்து பேருக்கு மேல் சேர்ந்ததில்லை. அவர்களிலும் பாதிப்பேர் தருமபுரி, காவேரிப்பட்டினம், பர்கூர் பக்கங்களிலிருந்து வருகிறவர்கள் என்பதால், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதும் படத்தேர்வில் ஓர் அளவுகோலாகவே இருந்து வருகிறது. அடுத்த மாதத்துக்கு, சேர்ந்து கொலை செய்யும் காதலர்களைப் பற்றிய குற்றப்படம் ஒன்றை எடுத்துக்கொள்வது என்று பேச்சு வந்தபோது, பணி ஓய்வு பெற்ற தலைமைக் காவலர் ஒருவர் (அவரை நாங்கள் எல்லோரும் ஏட்டய்யா என்றே அழைக்கிறோம்) "கொலைகாரனுக்கும் கொலைகாரிக்கும் கண்ணீர் விட வைக்கிற படமென்றால் நான் வரவில்லை" என்று சொல்லிவிட்டார். அரசுப் பள்ளியில் தமிழ் கற்பிக்கும் டீச்சர், "அழவே கூடாது என்று முடிவு செய்துகொண்டு படம் பார்ப்பதற்கு, ஏட்டய்யா, எஃப்.ஐ.ஆரையே படித்துவிட்டுப் போய்விடலாமே" என்றார். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்ததால், கையில் இருந்த ஐந்து படங்களையும் ஒப்பிட்டு எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்தது.

ஏட்டய்யாவின் கேள்வி புதியதன்று. அமெரிக்கத் திரைப்படத் துறை 1930-இல் தனக்குத் தானே வகுத்துக்கொண்டு, 1934 முதல் கடுமையாக நடைமுறைப்படுத்திய தணிக்கை விதித்தொகுப்பின் முதல் கோட்பாடே இதுதான்: பார்வையாளரின் அனுதாபம் ஒருபோதும் குற்றத்தின் பக்கமோ பாவத்தின் பக்கமோ திருப்பப்படக் கூடாது. 1968-இல் அந்த விதித்தொகுப்பு கைவிடப்படும் வரை, கொலை செய்த ஜோடி கடைசிச் சுருளுக்குள் செத்தாக வேண்டும் அல்லது பிடிபட்டாக வேண்டும் என்பது எழுதப்பட்ட சட்டம் போலவே இருந்தது. நம் நாட்டில் 1952-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத்தின் கீழ் 1991-இல் வெளியிடப்பட்ட வழிகாட்டு நெறிகள் வேறு வகையாகப் பேசுகின்றன. வன்முறை போன்ற சமூக விரோதச் செயல்களைப் போற்றக் கூடாது, நியாயப்படுத்தக் கூடாது என்று அவை சொல்கின்றனவே தவிர, பார்ப்பவர் மனம் யார் பக்கம் சாய வேண்டும் என்பதில் தலையிடவில்லை. போற்றுதல் வேறு, நியாயப்படுத்துதல் வேறு, இரங்குதல் வேறு என்ற பகுப்பு அதில் மறைந்து கிடக்கிறது. எங்கள் விவாதம் சிக்கிக்கொண்ட இடம், இம்மூன்றையும் 'அனுதாபம்' என்ற ஒரே சொல்லால் குறித்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இம்மூன்றுக்கும் முன்னால் நான்காவது ஒன்றும் இருக்கிறது. அது வெறும் உடம்பின் பழக்கம். பில்லி வைல்டர் இயக்கிய 'டபுள் இண்டெம்னிட்டி' (1944) படத்தில், கணவனைக் கொன்று தண்டவாளத்தில் போட்டுவிட்டு வரும் மனைவியும் அவளுடைய காதலனும் காரில் ஏறுகிறார்கள். கார் கிளம்ப மறுக்கிறது. சாவியைத் திருப்பத் திருப்ப எஞ்சின் முனகி அடங்கும் அந்தச் சில நொடிகளில், பார்க்கிறவர் அனைவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கார் கிளம்பிவிட வேண்டும் என்றே விரும்புகிறார்கள். ஏட்டய்யாவே அந்த இடத்தில் நாற்காலி நுனிக்கு வந்ததை முன்பொருமுறை நான் பார்த்திருக்கிறேன். அது அந்த இருவர்மீது கொண்ட பரிவன்று. நாம் யாருடைய இருக்கையில் உட்கார வைக்கப்பட்டிருக்கிறோமோ அவருடைய அவசரம் நமக்கும் தொற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். அதற்காக வெட்கப்பட வேண்டியதும் இல்லை, அதைப் பெரிய மனிதநேயம் என்று மெச்சிக்கொள்ள வேண்டியதும் இல்லை.

டீச்சர் இங்கேதான் வள்ளுவரைக் கொண்டுவந்தார். 'கண்ணோட்டம்' என்ற சொல்லை நாம் இன்று 'பார்க்கும் கோணம்' என்ற பொருளில் வழங்குகிறோம். குறளின் 58-ஆவது அதிகாரத்தில் அதற்குப் பரிவு, தாட்சணியம் என்று பொருள். திரைப்படத்தில் இந்த இரண்டு பொருளும் ஒன்றாகிவிடுகின்றன. படக்கருவியின் கண் யார்மேல் ஓடுகிறதோ அவர்மேல் நம் மனமும் ஓடுகிறது. அந்த அதிகாரத்தின் 578-ஆவது குறள் 'கருமம் சிதையாமல் கண்ணோட வல்லார்க்கு' என்று தொடங்குகிறது. செய்ய வேண்டிய காரியம் கெடாதபடி இரக்கம் காட்ட வல்லவர்களைப் பற்றியது அது. அரசனுக்குச் சொன்ன அறிவுரைதான். ஆனால் ஒரு பார்வையாளருக்கும் 'கருமம்' ஒன்று உண்டல்லவா? நடந்தது கொலை என்பதையும், செத்தவரும் ஓர் ஆள் என்பதையும் மறக்காமல் இருப்பதே அது. ஆகவே ஐந்து படங்களையும் நான் கேட்ட கேள்வி, ஜோடியின் மேல் இரக்கம் வருகிறதா என்பதல்ல. அந்த இரக்கம் வரும்போது செத்தவர்கள் சட்டகத்துக்குள் இருக்கிறார்களா, வெளியே தள்ளப்பட்டுவிட்டார்களா என்பதே.

படங்களுக்குள் போகும் முன், பார்க்கப் போகும் எங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். துரத்தப்படும் ஜோடி ஒன்று திரையில் ஓடினால், இந்த இரண்டு மாவட்டங்களின் பார்வையாளர் மனம் அதன் பின்னால் கொஞ்சம் ஓடியே தீரும். இங்கே செய்தியில் வரும் 'ஓடிப்போன ஜோடி' பெரும்பாலும் கொன்ற ஜோடியன்று, கொல்லப்படுவோமோ என்று அஞ்சி ஓடிய ஜோடி. சாதி மீறிய ஒரு திருமணத்தைத் தொடர்ந்து 2012 நவம்பரில் தருமபுரிக்கு அருகே நத்தம் காலனி உள்ளிட்ட மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டதைக் கண்ணால் கண்டவர்கள் எங்கள் வட்டத்திலேயே இருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் ஒரு காரும் அதற்குப் பின்னால் நாலைந்து கார்களும் விரைவதைப் பார்க்கும்போது, அவர்களுடைய இரக்கம் திரையிலிருந்து கிளம்புவதில்லை, வேறோர் இடத்திலிருந்து வருகிறது.

சீருடையின் பக்கம் தானாகச் சாய்ந்துவிடும் வழக்கமும் இங்கே கிடையாது. அரூர் பக்கத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி நுழைந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறைப் பணியாளர்கள் அந்த மலைவாழ் மக்களுக்குச் செய்த கொடுமைக்காக, 269 பேர் மீதான குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதாகத் தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. அதை உயர் நீதிமன்றம் 2023-இல் அதே நாளில் உறுதி செய்தது. மறுபுறம், 2004 அக்டோபரில் பாப்பாரப்பட்டி அருகே சுட்டுக் கொல்லப்பட்ட வீரப்பனை வீரனாகப் பாடுகிறவர்களும், அவன் கையால் செத்த காவலர்களின் வீட்டாரும் ஒரே சந்தையில் காய் வாங்குகிற ஊர் இது. ஏட்டய்யா சொல்லும் "சட்டத்தின் பக்கம் நில்லுங்கள்" என்பதும், இளைஞர்கள் சொல்லும் "துரத்தப்படுகிறவன் பக்கம் நில்லுங்கள்" என்பதும் இங்கே வெறும் சினிமாப் பேச்சாக இருப்பதில்லை. எனவே இந்த இரு சாய்வுகளில் எதை ஒரு படம் வாங்கிக் காசாக்கிக்கொள்கிறது என்பதையும் கவனிக்க வேண்டியிருந்தது.

முதலில், எல்லோரும் கேட்ட படம்: ஆர்தர் பென் இயக்கிய 'போனி அண்ட் கிளைட்' (1967). அதிகம் பேச வேண்டியதும் அதைப் பற்றியே. வாரன் பீட்டியும் ஃபே டனவேயும் நடித்த அந்த இருவர், 1930-களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்து அமெரிக்காவில் வங்கிகளைக் கொள்ளையடித்துத் திரிகிறார்கள். வங்கி ஜப்தி செய்த தன் வீட்டை ஒரு விவசாயி கடைசியாக வந்து பார்த்துவிட்டுப் போகும் காட்சியில், கிளைட் தன் துப்பாக்கியை அவரிடம் நீட்ட, அவர் வங்கியின் அறிவிப்புப் பலகையைச் சுடுகிறார். இந்தக் காட்சிக்கு பாலக்கோட்டுத் தக்காளி விவசாயி ஒருவருக்கு விளக்கவுரை தேவைப்படாது. நகைக்கடன் நோட்டீஸ் வந்த வீட்டில் பிறந்த எவருக்கும் அந்த ஒரு குண்டு தன்னுடையது போலவே இருக்கும். அந்த இடத்திலேயே படம் நம்மை வாங்கிவிடுகிறது.

ஆனால் உண்மையில் வாழ்ந்த கிளைட் பாரோவின் கும்பல் கொள்ளையடித்தவற்றில் வங்கிகள் குறைவு. சிறு மளிகைக் கடைகளும் பெட்ரோல் பங்குகளுமே அதிகம். அந்தக் கடைகளின் கல்லாவில் இருந்தது ஜப்தி செய்த வங்கியின் பணமன்று, அதே வீழ்ச்சியில் தத்தளித்துக்கொண்டிருந்த இன்னோர் ஏழையின் பணம். பதின்மூன்று பேர் வரை அவர்களால் கொல்லப்பட்டதாகக் கணக்கு; அவர்களில் பெரும்பாலோர் காவலர்கள். 1934 ஏப்ரல் 1, ஈஸ்டர் ஞாயிறு அன்று டெக்சஸில் சாலையோரம் சுடப்பட்ட இரு நெடுஞ்சாலைக் காவலர்களில் இளையவருக்குச் சில நாட்களில் திருமணம் நடக்க இருந்தது; மணப்பெண் தன் கல்யாண உடையோடு இறுதிச் சடங்குக்கு வந்தார். அதுவரை அந்த ஜோடியைப் பத்திரிகையில் ரசித்துப் படித்துக்கொண்டிருந்த மக்களின் மனம் மாறியதே அந்தச் செய்திக்குப் பிறகுதான் என்பார்கள். படத்தில் அந்த மணப்பெண் இல்லை.

படம் முற்றிலும் கண்ணை மூடிக்கொள்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. கொள்ளை நடக்கும் நேரத்தில் கூட்டாளி காரைக் கொண்டுபோய் ஒழுங்காகப் பார்க்கிங் செய்துவைக்க, திரையரங்கம் சிரிக்கிறது. சிரிப்பு அடங்கும் முன்பே, காரின் படியில் தாவி ஏறிய வங்கி ஊழியரின் முகத்தில் கண்ணாடி வழியாகக் கிளைட் சுடுகிறான். சிரித்துக்கொண்டிருந்த வாயை அப்படியே அடைத்துவிடும் அந்த வெட்டு, இயக்குநர் நம்மைப் பிடித்துக் குலுக்கும் இடம். அதற்காக அவருக்குப் பாதி மதிப்பெண் தரலாம். ஆனால் அந்த ஊழியருக்குப் பெயர் இல்லை, வீடு இல்லை. அடுத்த காட்சியில் அவர் செத்தது கிளைடின் பதற்றமாக மட்டுமே எஞ்சி நிற்கிறது. இறுதியில் ஜோடி சுடப்படும்போதோ, பல படக்கருவிகள் வெவ்வேறு வேகங்களில் பிடித்த மெதுவசைவில், ஏறத்தாழ நடனம் போல அவர்கள் விழுகிறார்கள். ஊழியர் செத்தது ஒரு நொடி, இவர்கள் சாவது ஒரு காவியம். நேரத்தை யாருக்கு எவ்வளவு பங்கிட்டுக் கொடுக்கிறோம் என்பதிலேயே ஒரு படத்தின் தராசு தெரிந்துவிடுகிறது.

இன்னொரு செய்தியும் உண்டு. அந்த ஜோடியை வீழ்த்திய குழுவின் தலைவர் ஃபிராங்க் ஹேமர் அவர்களிடம் முன்பே பிடிபட்டு அவமானப்பட்டதாகவும், அந்த வஞ்சத்தால் அவர் பின்தொடர்ந்ததாகவும் படம் காட்டுகிறது. அப்படி ஒன்று நடக்கவே இல்லை; 1934 மே 23 அன்று லூசியானாவில் நடந்த அந்தப் பதுங்கித் தாக்குதலுக்கு முன் அவர் அவர்களை நேரில் சந்தித்ததே கிடையாது. ஹேமரின் மனைவி வழக்குத் தொடுத்து, 1971-இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாக முடிந்தது. ஜோடியை ஓரங்குலம் உயர்த்துவதற்கு உண்மையான இன்னொரு மனிதரை ஓரடி தாழ்த்த வேண்டியிருந்தது என்றால், அந்த இரக்கத்துக்கு விலை கொடுத்தவர் யார் என்று ஏட்டய்யா கேட்பதில் தவறில்லை. விந்தை என்னவென்றால், நியாயமாக இரங்குவதற்கு உண்மை வாழ்க்கையிலேயே இடம் இருந்தது. 1933-இல் நடந்த கார் விபத்தில் காலில் கடும் தீக்காயம் பட்டு, கடைசி ஓராண்டில் போனி பார்க்கர் நடக்கவே முடியாமல் தவித்தவர். அழகுக்கு ஒத்துவராது என்பதாலோ என்னவோ, அந்தக் கால் படத்தில் வரவில்லை.

இதற்கு நேர் எதிரில் ஏட்டய்யா முன்மொழிந்த படம் நிற்கிறது: ஜான் லீ ஹான்காக் இயக்கிய 'தி ஹைவேமென்' (2019). அதே கதை, துரத்தியவர்கள் பக்கமிருந்து. கெவின் காஸ்ட்னர் ஹேமராக நடிக்கிறார். ஜோடியின் முகங்களைக் கடைசித் தாக்குதல் வரை படம் தெளிவாகக் காட்டுவதே இல்லை. தூரத்தில் ஒரு சிவப்பு உடை, நொண்டும் ஒரு கால், துப்பாக்கிக் குழல், அவ்வளவே. இரக்கம் வரக் கூடாது என்றால் முகத்தை மறைத்துவிடு என்பது மிக நேர்மையான, அதே சமயம் மிக எளிதான வழி. செத்த காவலர்களுக்கு முகம் திரும்பக் கிடைக்கிறது, அது பெரிய ஆறுதல். ஆனால் முகமில்லாதவர்களைச் சுடுவது எவ்வளவு சுலபம் என்பதையும் அது நமக்குக் கற்றுத் தந்துவிடுகிறது. குண்டுமாரி பொழியும் அந்த இறுதிக் காட்சியை, வாச்சாத்தித் தீர்ப்பு வந்த ஊரில் உட்கார்ந்து, 'சட்டம் வென்றது' என்ற நிம்மதியோடு பார்க்க என்னால் முடியவில்லை. படம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டி நீள்கிறது என்பது வேறு. பர்கூர் நண்பர்கள் பாதியில் எழுந்து பேருந்துக்கு ஓட வேண்டியிருக்கும்.

'டபுள் இண்டெம்னிட்டி'யின் நிலை வேறு. அங்கே ஓடும் ஜோடி இல்லை, கணவனைக் கொல்லும் ஜோடி. நம் நாளிதழ்கள் 'கள்ளக்காதல் ஜோடி' என்று நாலு பத்தியில் போடும் செய்திதான் அது. இந்தச் சொல்லை நான் கவனித்து வருகிறேன்: இருவர் சேர்ந்து செய்த கொலையானாலும் தலைப்பில் முன்னால் நிற்பவள் பெரும்பாலும் மனைவி, புகைப்படத்தில் பெரிதாக இருப்பதும் அவள் முகம். படத்தின் மூலக்கதைக்குத் தூண்டுதலாக இருந்த 1927-ஆம் ஆண்டு நியூயார்க் கொலையிலும் இதே கதிதான். ரூத் ஸ்னைடர், ஜட் கிரே என்ற இருவரும் 1928 ஜனவரி 12 அன்று அடுத்தடுத்து மின்நாற்காலியில் கொல்லப்பட்டார்கள். ஆனால் ஒரு புகைப்படக்காரர் கணுக்காலில் ஒளித்துக் கொண்டுபோன கருவியால் படம்பிடித்து மறுநாள் நாளிதழின் முதல் பக்கத்தில் வந்தது, அந்தப் பெண் சாகும் படம் மட்டுமே. வைல்டரின் படமும் இந்தப் பங்கீட்டை மாற்றவில்லை. கதை முழுவதும் அவனுடைய குரலில், குண்டுபட்ட வருத்தத்தோடு சொல்லப்படுகிறது. அவளுக்குக் குரல் இல்லை, கவர்ச்சியும் வஞ்சகமும் மட்டும் உண்டு. ஆகவே நம் பரிவு ஜோடிக்குப் போவதில்லை, ஜோடியில் ஆணுக்கு மட்டும் போகிறது. கொல்லப்படும் கணவனோ, முரட்டுப் பேச்சும் உடைந்த காலுமாக, யாரும் வருந்தாத அளவுக்கு முன்கூட்டியே வடிவமைக்கப்பட்டவன். கழுத்து நெரிபடும் நேரத்தில் படக்கருவி அவனைக் காட்டாமல், ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் அவள் முகத்திலேயே நிற்கிறது. கைதேர்ந்த வேலைப்பாடு, எங்கள் கேள்விக்கு மட்டும் பாதி விடைதான் தருகிறது.

சட்டம் இந்தப் பிரிவினையைச் செய்வதில்லை என்று ஏட்டய்யா நினைவூட்டினார். பொதுவான உட்கருத்தோடு பலர் சேர்ந்து செய்த செயலுக்கு ஒவ்வொருவரும் தனியே செய்தது போலவே பொறுப்பு என்பது பழைய தண்டனைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 3(5) ஆகியிருக்கிறது, சாரம் அதுவேதான். சட்டத்துக்கு இருவரும் ஒன்று. பார்வையாளருக்கு ஒருபோதும் அப்படி இல்லை: யார் யாரை இழுத்துப் போனார், யார் நிறுத்தியிருக்க முடியும் என்று நாம் இருவரையும் பிரித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

அப்படிப் பிரித்துப் பார்ப்பதையே கடினமாக்கிவிட்ட படம் டெரன்ஸ் மாலிக்கின் 'பேட்லேண்ட்ஸ்' (1973). 1958 ஜனவரியில் நெப்ராஸ்காவிலும் வயோமிங்கிலுமாகப் பத்துப் பேரைக் கொன்ற 19 வயது சார்லஸ் ஸ்டார்க்வெதரும் உடனிருந்த 14 வயதுச் சிறுமியும் அதன் தூண்டுதல். அவன் 1959-இல் தண்டிக்கப்பட்டுச் செத்தான். அவள் கூட்டாளியா பிணைக்கைதியா என்ற கேள்வி ஆயுள் தண்டனைக்குப் பின்னும், 1976-இல் பரோலில் வந்த பின்னும் ஓயவில்லை. மாலிக் அந்தக் கேள்விக்கு விடை சொல்லவில்லை. தன் தந்தையைக் காதலன் சுட்டுக் கொன்றதையும், மரத்தின் மேல் வீடு கட்டிக் குடியிருந்ததையும் அந்தப் பெண் ஒரே தொனியில், ஏதோ வாரப் பத்திரிகைத் தொடரை உரக்கப் படிப்பது போலச் சொல்லிக்கொண்டே போகிறாள். வயிற்றில் குண்டுபட்டுச் சாகக் கிடக்கும் நண்பனிடம் அவன் வளர்க்கும் சிலந்தியைப் பற்றி விசாரிக்கிறாள். நமக்கு இரக்கமும் வருவதில்லை, வெறுப்பும் வருவதில்லை; முதுகில் ஏதோ சில்லிடுகிறது.

இந்தப் படத்தில் எங்கள் மண்ணோடு நேராகப் பேசும் காட்சி ஒன்று இருக்கிறது. பிடிபடப் போகிறோம் என்று தெரிந்ததும், கிட் என்னும் அந்த இளைஞன் சாலையோரம் கற்களைப் பொறுக்கி அடுக்கி, தான் பிடிபட்ட இடத்துக்குத் தானே ஓர் அடையாளம் வைத்துக்கொள்கிறான். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நடுகல்லைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கற்குவியல் சட்டென்று புரியும், உடனே உறுத்தவும் செய்யும். தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிற்கும் கற்களில், ஆநிரையை மீட்டுப் பட்டவனுக்கு எழுப்பியதும் உண்டு. அதைக் கவரப் போய்ப் பட்டவனுக்கும் கல் நின்றதுண்டு. ஆனால் எந்தக் கல்லையும் செத்தவனே தனக்கு நட்டுக்கொள்ளவில்லை. எந்த ஊர் ஆநிரை, யாருடைய ஆட்சியாண்டு, யாருக்காகப் பட்டான் என்று ஊர் யோசித்து எழுதிய கல் அது. கிட்டின் கல்லில் எழுத்து இல்லை. அவன் கொன்றவர்கள் அதில் இல்லை. அதன்பின் விமானத்தளத்தில் அவனைச் சூழ்ந்து நிற்கும் காவலர்களும் சிப்பாய்களும் அவன் வீசும் சீப்பையும் பேனாவையும் நினைவுப்பொருளாகப் பிடித்துக்கொள்கிறார்கள். கொலைகாரனை நட்சத்திரமாக்குவது சினிமா மட்டுமல்ல, சீருடையும்தான் என்று காட்டும் அந்தக் காட்சிக்காகவே இப்படத்தைத் திரையிடலாம் என்று ஒரு வாரம் நினைத்திருந்தேன். ஒன்றரை மணி நேரத்தை ஒட்டிய நீளம், பேருந்துக் கவலையும் இல்லை. தயங்க வைத்தது அதன் அழகு. மாலை வெயிலில் புல்வெளி மின்னும் ஒளியில், செத்தவர்கள் நிலக்காட்சியின் ஒரு பகுதியாகக் கரைந்துவிடுகிறார்கள். அவர்களை மறக்க வைக்க படம் முயலவில்லை. இருந்தும் நாம் மறந்துவிடுகிறோம்.

கடைசியாக, யாரும் கேள்விப்பட்டிராத, நான் மட்டும் பட்டியலில் சேர்த்த படம்: 'தி ஹனிமூன் கில்லர்ஸ்' (1970). இசை நாடகங்கள் எழுதி வந்த லெனர்ட் கேசில் தன் வாழ்நாளில் இயக்கிய ஒரே படம். மிகக் குறைந்த செலவில், கருப்பு வெள்ளையில், 'போனி அண்ட் கிளைடி'ன் அழகான மனிதர்களுக்கும் அழகான காட்சிகளுக்கும் எதிர்வினையாகவே இதை எடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். தனிமையில் வாடும் பெண்களுக்குக் கடிதம் எழுதி, மணந்து, பணத்தைச் சுருட்டும் ரேமண்ட் ஃபெர்னாண்டஸும், அவனை உயிராக நேசித்து அவனுடைய தங்கை என்று கூடவே திரியும் செவிலி மார்த்தா பெக்கும் உண்மையில் வாழ்ந்தவர்கள். 1951 மார்ச் 8 அன்று நியூயார்க்கின் சிங் சிங் சிறையில் மின்நாற்காலியில் செத்தவர்கள். திருமணத் தகவல் இணையதளத்தில் அறிமுகமாகி நகையோடு காணாமல் போனவனைப் பற்றிய செய்தியை ஓசூர்ப் பக்கத்தில் அடிக்கடி படிக்கும் நமக்கு, கதையின் எலும்புக்கூடு அந்நியமானதன்று.

இந்தப் படத்தின் தனித்தன்மை, செத்தவர்களுக்கு அது ஒதுக்கும் நேரம். ஜேனட் ஃபே என்ற வயதான பெண்மணி கொஞ்சம் கஞ்சம், கொஞ்சம் பக்தி, நிறையப் பேச்சு. நமக்கே எரிச்சல் வரும் அளவுக்குப் பேசிக்கொண்டிருக்கும் அவர், இரவில் மெல்ல மெல்ல, ஏதோ சரியில்லை என்று உணரத் தொடங்குகிறார். நமக்கு வந்த எரிச்சல் அப்படியே நம் தொண்டையில் நின்றுவிடுகிறது. சுத்தியலால் நடக்கும் அந்தக் கொலையில் மெதுவசைவு இல்லை, நடனம் இல்லை. அது அவலட்சணமாக, முடிய மாட்டேன் என்கிறது. பிறகு டெல்ஃபின் டவுனிங் என்ற இளம் விதவையின் கொலையில், அவரை என்ன செய்வது என்று அந்த இருவரும் பேசிக்கொண்டிருக்க, படக்கருவி பேசுகிறவர்களை விட்டுவிட்டு, மயக்கத்தில் அசைய முடியாமல் கிடக்கும் டெல்ஃபினின் கண்களில் போய் நிலைத்துவிடுகிறது. குரல் வரும் திசைக்கெல்லாம் அந்தக் கண்கள் ஓடுகின்றன. துப்பாக்கிக் குழல் சட்டகத்துக்குள் நுழைகிறது. கண்ணோட்டம் என்ற சொல்லின் இரண்டு பொருளும் இதைவிடத் துல்லியமாக ஒரே காட்சியில் சேர்ந்து நான் பார்த்ததில்லை. டெல்ஃபினின் சிறு மகளின் சாவைப் படம் காட்டுவதில்லை, நிலவறையில் நடந்ததாக உணர்த்துவதோடு நிறுத்திக்கொள்கிறது. அதுவும் சரியான தீர்ப்பே.

இவ்வளவுக்குப் பிறகு அந்த ஜோடியின் மேல் இரக்கம் வரக் கூடாது, ஆனால் வருகிறது. அவன் தன்னிடமும் பொய் சொன்னான் என்று அறிந்த மார்த்தா, தானே தொலைபேசியை எடுத்துக் காவலரை அழைக்கிறாள். சிறைக்குள் அவளுக்கு அவன் எழுதிய காதல் கடிதத்தோடு படம் முடிகிறது. கொழுத்த உடம்பும் கடுகடுத்த முகமுமாக வாழ்நாள் முழுவதும் எவரும் ஏறெடுத்துப் பாராத ஒருத்தி, தன்னை ஒருவன் பார்த்தான் என்பதற்காக எதையும் செய்தாள் என்பது அப்போதுதான் உறைக்கிறது. அந்த உணர்வு, நடந்ததில் ஒரு துளியையும் கழுவிவிடுவதில்லை. நாம் டெல்ஃபினின் கண்களைப் பார்த்த பிறகே அது நமக்கு அனுமதிக்கப்படுகிறது. 'போனி அண்ட் கிளைட்' இரக்கத்தை முன்பணமாகக் கேட்கிறது. இது கணக்கெல்லாம் தீர்ந்த பிறகு, மிச்சம் இருந்தால் கொடு என்கிறது.

முன்பெல்லாம் மலிவுத் தாளில் அச்சடித்துச் சந்தைகளில் பாடி விற்ற கொலைச்சிந்து நினைவுக்கு வருகிறது. நடந்த ஊர், கொன்றவர், கொல்லப்பட்டவர் மூன்றையும் சொல்லிப் பாடிய அந்தச் சிந்தைக் கேட்டு நின்ற கூட்டம், ஒருவருக்காக அழுததால் இன்னொருவரை விட்டுக்கொடுத்ததாக அர்த்தமில்லை. இந்த ஐந்து படங்களில் அந்தக் கூட்டத்தில் நிற்பது போன்ற உணர்வை எனக்குத் தந்தது கேசிலின் படம் ஒன்றே.

எனவே என் பரிந்துரை 'தி ஹனிமூன் கில்லர்ஸ்'. ஒன்றே முக்கால் மணி நேரத்தைச் சற்றே தாண்டும். மாலை ஐந்தரைக்குத் தொடங்கினால் பேச்சுக்கும் இடம் இருக்கும், பர்கூர் பேருந்தும் கிடைக்கும். பெரியவர்களுக்கு மட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். போன மாதம் போலப் பேரப்பிள்ளைகளை அழைத்துவரக் கூடாது. கூட்டத்துக்கு இது பிடிக்காமல் போனால் இரண்டாவது தேர்வு 'பேட்லேண்ட்ஸ்'. 'போனி அண்ட் கிளைட்', 'தி ஹைவேமென்' இரண்டையும் தனித்தனியே காட்டக் கூடாது என்பது என் கருத்து; காட்டினால் அடுத்தடுத்த இரு மாதங்களில், ஒன்றன் பின் ஒன்றாகக் காட்ட வேண்டும்.

இந்தக் குறிப்பை ஏட்டய்யாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார், ஒரு நிபந்தனையோடு: படம் முடிந்ததும் மார்த்தாவைப் பற்றியும் ரேமண்டைப் பற்றியும் யாரும் வாய் திறப்பதற்கு முன், செத்தவர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் நினைவில் நின்றதை ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டுமாம். டீச்சர் அதற்குச் சம்மதித்துவிட்டு, கடைசிக் கடிதம் படித்து முடியும் வரை யாரும் விளக்கைப் போடக் கூடாது என்று தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்திருக்கிறார்.